மருந்து ஆராய்ச்சியில் சேரச் சொன்னால்: வடசென்னை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும்

சுகருக்கோ பிரஷருக்கோ கிட்னிக்கோ வருஷக்கணக்கில் ஒரே ஆஸ்பத்திரியில் காட்டிவருகிறீர்கள். ஒருநாள் டாக்டர் அறைக்கு வெளியே, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பெண் வந்து, “அம்மா, புது மருந்து ஒண்ணுக்கு ஸ்டடி நடக்குது. உங்க ரிப்போர்ட் பொருந்துற மாதிரி இருக்கு. சேர்றீங்களா?” என்று கேட்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்களைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒன்று, “நம்மள வெச்சு டெஸ்ட் பண்றாங்களா? ஆளை விடும்மா.” இன்னொன்று, “டாக்டர் சொன்னா சரிதான். எங்க கையெழுத்து போடணும்?”

இரண்டுமே யோசிக்க நேரம் எடுக்காத பதில்கள். முதல்முறையாக இப்படிக் கேட்கப்பட்டவருக்கும், அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும் மகன், மகள், மருமகளுக்கும் இதை எழுதுகிறேன். சில வருஷம் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் கோ-ஆர்டினேட்டராக வேலை பார்த்தவள் நான். அந்த அட்டையை மாட்டிக்கொண்டு நின்றவள். சேருங்கள் என்றும் சொல்லப் போவதில்லை, வேண்டாம் என்றும் சொல்லப் போவதில்லை. சேர்ந்தால் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள். மறுத்தாலும் அப்படியே மறுங்கள்.

நம்மைப் போன்றவர்கள் ஏன் தேவை

மருந்து கம்பெனிக்கு ஆள் வேண்டும், அதனால் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை.

அமெரிக்காவில் பல வருஷமாக ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020-இல் அங்கே அனுமதி பெற்ற 53 புதிய மருந்துகளின் சோதனைகளில் ஏறக்குறைய 32,000 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் 75 சதவீதம் வெள்ளையர், 8 சதவீதம் கறுப்பினத்தவர், 6 சதவீதம் ஆசியர். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். கிட்னி செயலிழப்பு அவர்களுக்கு வெள்ளையர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் வருகிறது. நோய் யாருக்கு அதிகமோ அவர்கள்தான் சோதனையில் குறைவு.

“அவங்க பயப்படுறாங்க, வரமாட்டேங்கிறாங்க” என்றுதான் அங்கேயும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்ட 20 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சேருகிறீர்களா என்று கேட்டபோது சம்மதம் சொன்ன விகிதத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவர்களிடம் கேட்டதுதான் குறைவு. 1993-லேயே அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளில் சிறுபான்மையினரைச் சேர்க்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு 27 வருஷம் கழித்தும் நிலைமை மேலே சொன்ன எண்கள்தான்.

அந்த 6 சதவீத ஆசியர் என்ற கட்டத்துக்குள் சீனர், ஜப்பானியர், கொரியர் எல்லோரும் இருக்கிறார்கள். நாமும் அதே கட்டத்தில்தான். காசிமேட்டுக்காரரும் டோக்கியோக்காரரும் அங்கே ஒரே பெட்டி.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதே அளவு கொடுத்தாலும் ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மருந்து தங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதனால் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று 2005-இல் அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பையே மாற்றினார்கள். மருந்து கடைக்கு வந்த பிறகு நடந்த திருத்தம் இது.

இன்னொன்று நம் சென்னையிலேயே நடந்தது. சுகர் வரும் நிலையில் இருப்பவர்கள் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தினால் சுகரைத் தள்ளிப்போட முடியுமா என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். சுகர் வருவது 58 சதவீதம் குறைந்தது என்று 2002-இல் முடிவு வந்தது. இங்கே 531 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளியானது. இங்கே 28.5 சதவீதம்தான் குறைந்தது. பலன் இருக்கிறது, ஆனால் பாதிதான். நம் ஆட்கள் ஒல்லியாக இருக்கும்போதே, சின்ன வயதிலேயே சுகர் வந்துவிடுகிறது; அங்கே சேர்ந்தவர்கள் உடல்வாகிலேயே வேறு. அந்த 531 பேர் சம்மதித்திருக்காவிட்டால் அமெரிக்க எண்ணையே நமக்கும் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நகரத்து ஏழை நோயாளிகள் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மீதிப் பேருக்கு அதே மருந்து, ஆனால் அவரவர் வீட்டில், நெரிசலான ஒற்றை அறையில். 1959-இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை என்று ஆனது அதற்குப் பிறகுதான். மெட்ராஸ் ஆய்வு என்று மருத்துவப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் சேர்ந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

சந்தேகப்படுகிறவரைக் கிண்டல் செய்யாதீர்கள்

படித்த பிள்ளைகளுக்குத்தான் இது. அம்மா பயந்தால் “உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று வாயை அடைக்காதீர்கள். பயப்படக் காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932-இல் சுமார் 600 கறுப்பின ஆண்களை அரசே ஓர் ஆராய்ச்சியில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய், அதாவது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். என்ன நோய் என்று சொல்லவில்லை. ரத்தம் கெட்டிருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். இலவசப் பரிசோதனை, சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு, இவைதான் கொடுத்த ஆசை. 1940-களில் பென்சிலின் வந்து நோய் குணமாகும் என்று தெரிந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் வெளிவரும்வரை நடந்தது. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்தார்கள். பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார். 2010-இல் நிறுத்தப்பட்டது. நடந்த மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னாலும், சம்மதம் வாங்கிய விதத்தை 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

அப்புறம் எர்ணாவூர். சுனாமிக்குப் பிறகு அங்கே குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற செய்தி 2007-இல் வெளிவந்தது. அது மருந்து ஆராய்ச்சி இல்லை; வேறு விஷயம். ஆனால் அந்தப் பக்கத்து ஒரு அக்காவிடம் போய் “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்று சொன்னால் அவர் காதில் எது விழும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில், கேட்பவர் யார் என்று பாருங்கள்

உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரோ அவருடைய கோ-ஆர்டினேட்டரோ ஆஸ்பத்திரிக்குள் வைத்துக் கேட்டால் மேற்கொண்டு பேசலாம். தெருமுனையில், டீக்கடையில், “மூணு நாள் தங்கினா இவ்வளவு ரூபா, சாப்பாடு ஃப்ரீ” என்று ஒரு புரோக்கர் கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து ஆரோக்கியமானவர்களை வைத்து நடத்தும் சோதனைகள் சட்டப்படி உண்டுதான்; ஆனால் அவை நோயாளிக்கானவை இல்லை. சுகரை மறைத்துக்கொண்டு அதில் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற காரியம் அது.

இன்னொரு விஷயம். வைத்தியம் பார்க்கும் டாக்டரே ஆராய்ச்சியையும் நடத்தினால் முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டம். “வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன் சார்” என்று ஒரு வரி போதும். மறுத்தால் வழக்கமான வைத்தியம் நிற்கக்கூடாது என்பது விதி. ஓபி சீட்டும் மாத்திரையும் எப்போதும்போல் கிடைக்கவேண்டும்.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

இந்தியாவில் எந்த மருந்து சோதனையும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் ஏறியிருக்கவேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். எண்ணில் வருஷம், மாதம், அப்புறம் ஒரு நீள எண் இருக்கும். அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. ஆங்கிலத்தில்தான் இருக்கும், கல்லூரி போகும் பிள்ளையை உட்கார வையுங்கள். எந்த மருந்து, எந்தக் கம்பெனி பணம் போடுகிறது, எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள் எல்லாம் அதில் இருக்கும். முக்கியமாக, நடக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியல். உங்கள் ஆஸ்பத்திரியின் பெயரும் அதன் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்திருக்கிறது என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்திக்ஸ் கமிட்டி என்பது குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு. டாக்டர்களோடு சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர், குறைந்தது ஒரு பெண் இருக்கவேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்கவேண்டும்.

ஒப்புதல் படிவம்: இங்கேதான் நேரம் எடுங்கள்

பத்து, பதினைந்து பக்கம் இருக்கும். சிலது அதற்கும் மேல். உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்பது உங்கள் உரிமை. தமிழ் மட்டும் இல்லை. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர் அந்த மொழியில் கேட்கலாம். வடசென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. தெலுங்கு பேசும் தூய்மைப் பணியாளர்களிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டி, அவர்கள் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தமிழும் பல படிவங்களில் தமிழாகவே இருக்காது. நேர் மொழிபெயர்ப்பில் நாக்கு சுளுக்கிவிடும். புரியாத வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை அந்தக் கோடுகளைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லுங்கள். கோ-ஆர்டினேட்டர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும், அது அவர் வேலை.

அன்றே கையெழுத்துப் போடவேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேளுங்கள். உங்கள் தெரு கிளினிக் டாக்டரிடமோ நம்பிக்கையான மருந்துக்கடைக்காரரிடமோ காட்டுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து முழுதும் படித்துச் சொல்வதைக் கேட்டு அவரும் கையெழுத்துப் போடவேண்டும். கடைசி நிமிஷத்தில் வராண்டாவில் போகிற யாரையோ கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி இல்லை. உங்கள் ஆளை நீங்களே கூட்டிப்போங்கள். முற்றிலும் புதிய மூலப்பொருள் மருந்து என்றால், எளிதில் நெருக்கடிக்கு ஆளாகக்கூடியவர்கள் சேரும்போது இந்தச் சம்மதப் பேச்சை வீடியோவில் பதிவு செய்யவேண்டும் என்றும் விதி இருக்கிறது. கேமராவைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அது உங்கள் பக்கத்துச் சாட்சியும்தான்.

படிவத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பகுதியைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். உங்கள் தொழில், படிப்பு, ஆண்டு வருமானம் கேட்டிருக்கும். கீழே நாமினி பெயர், முகவரி, உறவு. ஆராய்ச்சியால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போகவேண்டும் என்பதற்கான கட்டம் அது. கோ-ஆர்டினேட்டர்கள் சங்கடப்பட்டு அதை வேகமாகத் தாண்டுவார்கள். “சும்மா ஃபார்மாலிட்டிம்மா” என்பார்கள். சும்மா இல்லை. பேரைத் தெளிவாக, ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுதச் சொல்லுங்கள். வருமானக் கட்டத்தில் வாயில் வந்த எண்ணைப் போடாதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று: கையெழுத்து உங்களுடையது. வீட்டுக்காரரைக் கலந்துகொள்வது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. பிள்ளை பெறும் வயதென்றால் கருத்தடை பற்றியும் கர்ப்பப் பரிசோதனை பற்றியும் கேட்பார்கள். அதைத் தனியாக, ஆண்கள் இல்லாத இடத்தில் பேசவேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியில், கையெழுத்தான படிவத்தின் ஒரு நகல் உங்கள் கைக்கு வரவேண்டும். நகல் இல்லாமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

நேருக்கு நேர் கேட்கவேண்டியது

“எனக்குப் புது மருந்துதான் கிடைக்குமா?” பெரும்பாலும் யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில்தான். உங்களுக்கு மட்டும் இல்லை, பல சமயம் டாக்டருக்கே தெரியாது. மருந்தே இல்லாத வெத்து மாத்திரையும் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கப்படலாம்.

“அப்போ என் பழைய மாத்திரை?” இதுதான் நாள்பட்ட நோயாளி கேட்கவேண்டிய பெரிய கேள்வி. நல்ல ஆராய்ச்சிகளில் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்த்துத்தான் புது மாத்திரையோ வெத்து மாத்திரையோ கொடுப்பார்கள். சிலவற்றில் பழையதைச் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள், அந்த நாளில் சுகர் ஏறினால் எந்த எண்ணுக்கு மேல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால் கொண்டுவரும் பணியாளரிடமும் ஆராய்ச்சி டாக்டரிடமும் இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே மருந்தை இரண்டு தரம் விழுங்குவீர்கள். கஷாயம், சூரணம், பக்கத்து வீட்டில் கொடுத்த சுகர் பொடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள், திட்டினாலும் சொல்லுங்கள். நோன்பு வைப்பவர் ரமலான் மாதம் நடுவில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் காசும் ஒருநாள் கூலியும்

சேர்ந்தவர்கள் பாதியில் விட்டுப்போவதற்குப் பக்கவிளைவைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சேர்வது குறைவதற்குச் சொல்லப்படும் காரணங்களிலும் லீவு கிடைக்காதது, ஆஸ்பத்திரி தூரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது எல்லாம் வரிசையாக வரும்.

காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே ஏலம். அதற்கு நடுராத்திரியே எழுந்து டீ குடித்தாயிற்று. ஆராய்ச்சி அட்டவணையோ காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் என்கிறது. டீ குடித்தேன் என்றால் திருப்பி அனுப்புவார்கள். குடிக்கவில்லை என்று பொய் சொன்னால் எண் தப்பாகும், மருந்து அளவும் தப்பாகும். இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி, சேரும்போதே பேசிவிடுவது: மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த நாளும் வரமுடியும், மற்ற நாளில் ஏலம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள் என்று. ஒவ்வொரு விசிட்டுக்கும் முன்னே பின்னே சில நாள் இடைவெளி அநேகமாக எல்லா ஆராய்ச்சியிலும் உண்டு. கேட்காதவருக்கு அது தெரிவதில்லை.

சோதனை மருந்துக்கும் ஆராய்ச்சிக்காக எடுக்கும் டெஸ்டுக்கும் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. போகவரச் செலவும் இழந்த கூலியும் தரலாம் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன; எவ்வளவு என்பதை எத்திக்ஸ் கமிட்டி முன்பே பார்த்து ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். அது படிவத்தில் எழுதியிருக்கும். எண்ணூரிலிருந்து ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. அல்லது விம்கோ நகரிலிருந்து மெட்ரோ. உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவைச் சொல்லுங்கள். துணைக்கு வருகிறவரின் டிக்கெட்டும் சேருமா என்று கேளுங்கள். அன்றன்றைக்குக் கையிலா, மாதம் ஒருமுறை வங்கியிலா என்பதையும் கேளுங்கள். பஸ் காசை முன்கூட்டிப் போட முடியாதவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

அதேசமயம் வைத்தியச் செலவுக்கு வழியில்லை, இதில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியும் முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. ஸ்டான்லியிலோ உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிடைக்கிற வைத்தியம் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் இந்த ஆராய்ச்சி என்ன தருகிறது என்று பாருங்கள்.

திருப்பி அனுப்பினால்

கையெழுத்துப் போட்ட பிறகும் ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுப் பலரைச் சேர்க்காமல் அனுப்புவார்கள். சுகரின் மூன்று மாதச் சராசரி குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கவேண்டும், கிட்னி இத்தனை சதவீதம் வேலை செய்யவேண்டும், முன்பு மாரடைப்பு வந்திருக்கக்கூடாது என்று பட்டியல் நீளும். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும் நம் ஆட்கள் இங்கேதான் வரிசையாகக் கழிகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. கிட்னி பாதிப் போன சுகர் நோயாளியை விட்டுவிட்டுச் சோதிக்கும் மருந்தை, நாளைக்கு அதே நோயாளிக்குத்தான் எழுதிக்கொடுப்பார்கள்.

எல்லைக்கோடு எப்போதும் நடுநிலையாகவும் இருப்பதில்லை. கிட்னியின் திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் எண்ணை 16 சதவீதம் போலக் கூட்டிப்போடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. கிட்னி நன்றாக இருப்பதுபோல் காட்டும், மாற்றுக் கிட்னிக்கான பட்டியலில் பெயர் ஏறத் தாமதமாகும். 2021-இல்தான் அதை எடுத்துவிட்டுப் புது சூத்திரம் கொண்டுவந்தார்கள்.

திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டு காரியம் செய்யுங்கள். காரணத்தைக் கேளுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகலை வாங்குங்கள்; உங்களுக்கே தெரியாமல் இருந்த கிட்னிக் கோளாறோ இதயக் கோளாறோ அதில் தெரிந்திருக்கலாம்.

சேர்ந்த பிறகு

கொடுக்கும் மாத்திரை டப்பாவைப் பத்திரமாக வையுங்கள். காலி அட்டை, மீந்த மாத்திரை எல்லாவற்றையும் அடுத்த முறை திருப்பிக் கொண்டுபோகவேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். நான்கு நாள் மறந்துவிட்டீர்கள் என்றால் நான்கு மீந்திருக்கட்டும். பயந்துபோய் அந்த நான்கையும் சாக்கடையில் போட்டுவிட்டு எல்லாம் சாப்பிட்டேன் என்று சொல்கிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால், வேலை செய்யாத மருந்து வேலை செய்கிறதென்றோ, நல்ல மருந்து பலனில்லையென்றோ கணக்கு ஏறிவிடும். “உனக்கும் சுகர்தானே, ரெண்டு எடுத்துக்கோ” என்று எதிர்வீட்டுக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

ஆராய்ச்சி எண், டாக்டர் போன் நம்பர் எழுதிய சின்ன அட்டை ஒன்று கொடுப்பார்கள். பர்ஸிலேயே இருக்கட்டும். ராத்திரி மயக்கம் என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே இருக்கிற டாக்டருக்கு நீங்கள் என்ன மருந்தில் இருக்கிறீர்கள் என்று அந்த அட்டைதான் சொல்லும்.

ஏதாவது ஆகிவிட்டால்

முதல் போன் ஆராய்ச்சி டாக்டருக்கு. வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் சொல்லுங்கள். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் வையுங்கள். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் அளவுக்கு எது நடந்தாலும், அது மருந்தால்தானா என்பது தெரியும் முன்பே, டாக்டர் 24 மணி நேரத்துக்குள் டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் கம்பெனிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்கவேண்டும். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து சோதனைகள் விதிகளில் இது இருக்கிறது.

அதே விதிகளின்படி, ஆராய்ச்சியில் இருக்கும்போது உடலுக்குப் பாதிப்பு வந்தால் தேவைப்படும்வரை, அல்லது ஆராய்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும்வரை, வைத்தியம் இலவசம். ஆராய்ச்சியால்தான் என்று முடிவானால் இழப்பீடு தனி. இருக்கிற நல்ல வைத்தியத்தைக் கொடுக்காமல் வெத்து மாத்திரை கொடுத்ததால் வந்த கேடும் அதில் அடங்கும். உத்தரவு வந்து 30 நாளுக்குள் கம்பெனி பணம் கட்டவேண்டும். மரணத்துக்கான தொகை 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் சேரும்போது இருந்த நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கூடும், குறையும். வயதும் நோயும் கூடக்கூடத் தொகை குறையும் கணக்கு அது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படி இருக்கிறது. சேரும் முன் தெரிந்திருப்பது நல்லது.

டாக்டர் பதில் சொல்லவில்லை என்றால் படிவத்தில் எத்திக்ஸ் கமிட்டியின் தொடர்பு எண் இருக்கும். அந்த நம்பர் உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறது. தமிழில், ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

விலகுவதும் முடிப்பதும்

எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். கடைசியாக ஒருமுறை போய், ரத்தம் கொடுத்து, பழைய மருந்துக்கு எப்படித் திரும்புவது என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

முழுதும் முடித்தவர்கள் மூன்று கேட்கலாம். எனக்குக் கொடுத்தது எந்த மருந்து என்று எப்போது சொல்வீர்கள்? ஆராய்ச்சியின் முடிவு என்ன? மருந்து எனக்கு நன்றாக வேலை செய்தால் தொடர்ந்து கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு விதியில் ஒரு வழி உண்டு: வேறு மருந்தே இல்லாத நோய் என்றால், டாக்டர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கொண்டால், கம்பெனி இலவசமாகத் தொடர்ந்து தரவேண்டும். சுகருக்கும் பிரஷருக்கும் வேறு மருந்துகள் ஏராளம் என்பதால் பெரும்பாலும் அது கிடைக்காது. ஆராய்ச்சி முடியும் மாதமே வழக்கமான ஓபியில் போய் உங்கள் பழைய மருந்துக்கு மறுபடி சீட்டுப் போட்டுவிடுங்கள். நடுவில் மாத்திரை இல்லாத நாள் விழக்கூடாது.

ஒப்புதல் படிவத்தின் நகல், ரிப்போர்ட்டுகள், அந்தச் சின்ன அட்டை மூன்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். பின்னால் வேறொரு ஸ்டடிக்கு யாராவது கூப்பிட்டால், முந்தையது முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்பார்கள். கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியை ஃபைலின் மேல் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.